வில்லனின் பூர்வகதை

2019ஆம் ஆண்டு ஒக்டோபர் நான்காந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் ஒரு திரைப்படம் வெளியாயிற்று. படம் வெளிவருவதற்குப் பல நாட்கள் முன்னதாகவே அதனைப் பற்றிய அச்சம் வெளிவந்துவிட்டது. நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் காவற்றுறையினர் படமாளிகைகளைச் சூழ மேலதிகக் காவல் இட்டனர். அந்நாட்டு இராணுவம் தன் படையினருக்கு எச்சரிக்கைக் குறிப்பொன்றை அனுப்பியது. சில படமாளிகைகள், முகமூடி அணிந்தோ முகத்திற் சாயம் பூசியோ வருவோருக்கு அனுமதியில்லை என அறிவித்தன. இப்படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை இளைஞர் துப்பாக்கி ஏந்துவர் என்பதே பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பேச்சாக இருந்தது. படம் ஓடிற்று. உலகெங்கும் நூறு கோடி டொலருக்கு மேல் வசூலாயிற்று. அஞ்சிய படுகொலை எதுவும் நிகழவில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அதன் நாயகனாக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது.

படத்தின் பெயர் 'ஜோக்கர்'. பேட்மேன் என்னும் சித்திரக்கதை நாயகனின் பரம வைரியான வில்லன் எவ்வாறு வில்லனானான் என்பதே கதை. அந்நாட்களில் எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், வில்லனின்ரை பக்கத்துக் கதையைச் சொன்னாச் சனம் கெட்டுப்போகுமோ?" என்று கேட்டான். அவன் கேட்டது அமெரிக்கப் படத்தைப் பற்றி. எனக்கு நினைவு வந்ததோ 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாணம். அன்று அக்கேள்விக்கு ஆம் என்று விடையிறுத்த ஓர் அரசாங்கம், அவ்விடையைச் சட்டமாக்கி ஒரு காவியத்தைப் பறிமுதல் செய்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த வில்லனின் கதைக்கு ஆளுவோர் உண்மையாகவே அஞ்சுகின்றனர், எந்த வில்லனின் கதைக்கு அஞ்சுவதுபோல் நடிக்கின்றனர் என்பது புலப்படும்.

முதலில் ஜோக்கரின் வரலாற்றை நோக்குவோம். 1940ஆம் ஆண்டு வெளியான பேட்மேன் சித்திரக்கதையின் முதலாவது இதழிலேயே அவன் தோன்றிவிட்டான். அவ்விதழின் முடிவில் அவனைக் கொன்றுவிடவே கதாசிரியர் எண்ணியிருந்தனர். நல்ல வில்லன் ஒருவனை இழக்கப் பதிப்பாசிரியருக்கு மனமில்லை. அவன் உயிரோடிருப்பதாக இறுதியில் ஒரு கட்டம் வரைந்து சேர்க்கப்பட்டது. ஆக, அவனைச் சாவிலிருந்து மீட்டது வியாபாரம். அவனுக்கு ஒரு பூர்வகதை வேண்டும் என்ற எண்ணம் 1951இல் எழுந்தது: இரசாயனத் தொட்டியில் விழுந்து முகம் வெளிறிய ஒரு திருடன் என்றனர். 1988இல் அலன் மூர் எழுதிய கதையில் அவன் பிழைப்பற்ற நகைச்சுவை நடிகன், கர்ப்பிணி மனைவியைக் காப்பாற்றப் பணந்தேடித் திருடருடன் சேர்ந்து கெட்டவன். ஆயினும் தன் கடந்தகாலம் ஒருபோது ஒருவிதமாகவும் மறுபோது வேறுவிதமாகவும் நினைவுக்கு வருவதாக அக்கதையில் அவனே சொல்லிவிடுகிறான்.

இவ்விரு கதைகளுக்கும் இடையில் 1954 வருகிறது. பிரெடெரிக் வெர்தம் என்ற மனநோய் மருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மேற்சபையின் குழுவொன்று விசாரணை நடத்தியது. சில ஊர்களிற் சித்திரக்கதைகளைக் குவித்து எரித்தனர். அஞ்சிய பதிப்பாளர் தமக்குத் தாமே ஓர் ஒழுக்கக் கோவை வகுத்துக்கொண்டனர். அதன் முதல் விதிகளுள் ஒன்று, குற்றவாளியின்மீது அனுதாபம் பிறக்கும்படி எதனையும் சித்திரிக்கலாகாது என்பது. நீதிபதிகளையும் காவலரையும் அரசாங்க அமைப்புகளையும் மதிப்புக் குறையும்படி காட்டலாகாது என்ற விதியும் அதனோடு இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். குற்றவாளிமீது அனுதாபம் பிறந்தால், அதற்கு அடுத்த கேள்வி காவலரையும் நீதிபதியையும் நோக்கித்தானே திரும்பும்?

அதே 1954இல், அமெரிக்காவில் நடந்ததை அறிந்திருக்க எந்த நியாயமுமற்ற சென்னையில், நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று நிறைவேறியது. 1876ஆம் ஆண்டின் வெள்ளையர் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. சுதந்திர இந்தியாவின் மாகாண அரசுக்கு அது போதவில்லை. அவ்வாண்டு எம். ஆர். இராதா மேடையேற்றிய இராமாயண நாடகமே அவசரத்துக்குக் காரணம் என்பர். கடவுளாக வணங்கப்படும் இராமனைக் கேலிக்குரியவனாக்கியும் இராவணனின் பக்கத்து நியாயத்தை உரத்துச் சொல்லியும் நடந்த நாடகம் அது. இராதா பலமுறை கைதானார். விடுதலையானபின் மீண்டும் அதே வேடத்தைப் புனைந்தார். அச்சட்டம் நெடுங்காலம் உயிரோடிருந்தது. 2013இற் சென்னை உயர்நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறும்வரை, நாடகக்காரர் தம் பிரதியைக் காவல் நிலையத்திற் கொடுத்துக் காத்துநின்ற வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அறுபது ஆண்டுகள் ஒரு காவலரின் கையொப்பத்துக்காகக் கலை காத்துநின்றது!

ஆனால் இராதாவுக்கு முன்பே அடி விழுந்தது ஒரு தமிழாசிரியருக்கு. ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த புலவர் குழந்தை, யாப்பதிகாரம், தொடையதிகாரம் ஆகிய நூல்களால் எம்போன்ற தமிழ் மாணவருக்கு அறிமுகமானவர். 1946இல் அவர் வெளியிட்ட 'இராவண காவியம்' ஐந்து காண்டங்களும் மூவாயிரத்து நூறு பாடல்களும் கொண்டது. அறிஞர் அண்ணா அதற்கு ஆராய்ச்சி முன்னுரை வழங்கினார். இக்காவியத்தில் இராவணன் தமிழ் மன்னன், பண்பாளன். வேள்வியில் உயிர்ப்பலியிட வடக்கிலிருந்து வந்தோருக்கும் அதனைத் தடுத்தோருக்கும் மூண்ட பகையே இராமாயணப் போரின் வேர். சூர்ப்பனகையின் மூக்கறுப்பு விளையாட்டாகவோ தண்டனையாகவோ அன்றி, ஒரு பெண்மீது இழைத்த கொடுமையாகவே காட்டப்படுகிறது. 1948இல் ஓமந்தூரார் தலைமையிலான காங்கிரஸ் அரசாங்கம் இந்நூலைத் தடைசெய்தது. 1971இலேயே தடை நீங்கியது. நூல் எழுதியவர் அடுத்த ஆண்டிற் காலமானார். நாற்பது வயதில் வெளியிட்ட காவியத்தை அறுபத்தைந்து வயதிற் திரும்பப் பெற்றார் எனலாம்.

இராவணன் பக்கம் நின்று பாடியோர் தமிழர் மட்டுமல்லர். வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இலேயே இந்திரசித்தனை நாயகனாக்கிக் காவியம் செய்தார். அன்னிய ஆட்சியில் அதற்குத் தடையில்லை. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டபோது உத்தரப்பிரதேச அரசு 1969இல் அதனைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்க, அரசு மேன்முறையீடு செய்து, 1976இல் உச்சநீதிமன்றத்திலுந் தோற்றது. வெள்ளையனுக்கு உறுத்தாத கதை நம்மவர் ஆட்சிக்கு ஏன் உறுத்திற்று? வெள்ளையனின் ஆட்சி இராமனின் பெயரால் நடக்கவில்லை. அதிகாரத்துக்கு வந்த புதியவர்களோ இராமராச்சியம் என்ற சொல்லாற் தம் ஆட்சிக்குப் புனிதம் தேடிக்கொண்டவர்கள்.

இங்கு ஒன்றையும் மறைத்தலாகாது. குழந்தையின் காவியத்திற் குறையுண்டு. அங்கே நன்மை முழுவதும் ஒரு பக்கம், தீமை முழுவதும் மறுபக்கம்; பழைய தராசின் தட்டுகள் இடம் மாறியுள்ளனவே தவிரத் தராசு மாறவில்லை. ஆரியன், திராவிடன் என்ற ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க முயன்றதனால், இராவணனின் மாளிகையைக் கட்டிய கூலியாள் யார், அவன் நிலத்தை உழுதவன் யார் என்னுங் கேள்விகள் கேட்கப்படாமலே போயின. ஆயினும் அக்காவியம் ஒரு குற்றச்சாட்டைத் துணிந்து வைத்தது. உங்கள் தேவனின் வெற்றி ஒரு மக்களின் தோல்வி என்றது. அதனாலேதான் தடை. ஒப்புநோக்கிற்கு ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதே காலகட்டத்தில் எழுந்த நாடகம். அதிலும் நாயகன் இராவணனே. ஆனால் சீதை அவன் மகளாகவும் அவன் பாசமிகுந்த தந்தையாகவும் ஆனபின், யாரும் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. எல்லாம் விதியின் விளையாட்டு. ஆயிரம் தடவைக்கு மேல் அது தடையின்றி மேடையேறிற்று. பட்டும் பளபளப்புமாகக் காட்சிகள் மாறும் அழகுக்காகவே சனங்கள் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். அதிற் தவறில்லை. ஆனால் அரசாங்கம் அஞ்சாத இராவணன் எத்தகையவன் என்பதற்கு அதுவே சான்று.

இப்போது ஜோக்கர் எந்த இனம் என்று கேட்கலாம். ஆர்தர் பிளெக் என்பவன் கோமாளி வேடமிட்டுப் பிழைப்பவன்; அடக்கமுடியாமற் சிரிக்கும் நோயுள்ளவன்; நோயாளித் தாயோடு இடிந்த மாடிவீட்டில் வாழ்பவன். நகரசபை செலவைக் குறைக்கிறது. அவனுக்கு மருந்தும் ஆலோசனையுங் கிடைத்த நிலையம் மூடப்படுகிறது. மூடப்படும் அந்நாளில் ஆலோசகரான கறுப்பினப் பெண், மேலேயிருப்போருக்கு உன்னைப் பற்றியும் அக்கறையில்லை, என்னைப் பற்றியும் அக்கறையில்லை என்கிறாள். முழுப்படத்திலும் உண்மை பேசப்படுவது அந்த ஒரு கணத்தில். நோயாளியும் ஊழியரும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து, தம்மை நசுக்குவது ஒரே கை எனக் காண்கின்றனர். இயக்குநர் டொட் பிலிப்ஸ் அந்த மேசையை விட்டு உடனே எழுந்துவிடுகிறார். அப்பெண் அதன்பின் வரவேயில்லை. கதை, தாய் செய்த கொடுமை, தந்தை யார் என்ற மர்மம், மூளையின் கோளாறு எனத் தனிமனிதனின் இருட்டறைக்குள் ஓடி ஒளிகிறது. நகரின் ஏழைகளோ கோமாளி முகமூடியணிந்து தீ வைக்கும் கும்பல். அவர்களுக்குப் பெயரில்லை, கோரிக்கையில்லை. கூலி உயர்வு கேட்கும் ஒருவன்கூட அக்கூட்டத்தில் இல்லை. ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவதாகப் புகழப்பட்ட படம், ஏழைகளைக் கண்டு நடுங்குகிறது என்பதே என் கருத்து.

கலையென்ற அளவிலும் இரவற் சரக்கு அதிகம். மார்ட்டின் ஸ்கோர்செசி 1976இலும் 1982இலும் எடுத்த இரு படங்களை அறிந்தோர், வாடகைக் காரோட்டியின் தனிமையையும் தொலைக்காட்சிப் புகழுக்கு ஏங்கும் கோமாளியையும் இங்கே மறுபடி காண்பர். அவ்விரு படங்களின் நாயகனான ரொபர்ட் டி நீரோவே இதில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துபவராக வந்தமர்கிறார். ஃபீனிக்ஸ் தம் உடலை வருத்தி நடித்த நடிப்பு ஒன்றே சொந்தச் சரக்கு. வெனிஸ் விழாவின் தங்கச் சிங்க விருதையும் பதினொரு ஒஸ்கார் பரிந்துரைகளையும் இப்படத்துக்குப் பெற்றுத்தந்ததில், படத்தைச் சூழ்ந்த அபாய ஒளிவட்டத்துக்கும் பங்குண்டு.

அந்த ஒளிவட்டம் எப்படி உண்டாயிற்று? 2012ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி, கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரப் படமாளிகையொன்றிற் பேட்மேன் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவன் சுட்டதிற் பன்னிருவர் மாண்டனர். கொலையாளி தன்னை ஜோக்கர் என்று அழைத்துக்கொண்டான் எனச் செய்திகள் பரவின. அதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை. அன்று ஓடிய படத்தில் ஜோக்கர் என்ற பாத்திரமே கிடையாது. 2019இல் அம்மாண்டவர்களின் உறவினர் சிலர் படத்தைத் தயாரித்த வோர்ணர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். பத்திரிகைகள் அதனைப் படத்துக்கு எதிரான கண்டனமாகவே பறைசாற்றின. கடிதத்தில் இருந்தது வேறு. படத்தை நிறுத்துங்கள் என அவர்கள் கேட்கவில்லை. துப்பாக்கி வியாபாரத்துக்குத் துணைநிற்கும் சங்கத்திடம் பணம் வாங்கி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வாக்களிக்கும் அரசியல்வாதிகளுக்கு நீங்கள் நன்கொடை கொடுக்காதீர்கள் என்றே கேட்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வைத்த கோரிக்கை அது. நிறுவனம் அனுதாபமும், இப்படம் வன்முறையை ஆதரிப்பதன்று என்ற விளக்கமும் அளித்தது. சர்ச்சை முழுவதும் முகச்சாயத்தைச் சுற்றியே நடந்தது. நன்கொடைக் கணக்கு யார் கண்ணிலும் படாமற் போயிற்று. படத்தால் யார் கெடுவர் என்று ஒரு நாடே விவாதித்துக்கொண்டிருக்கையில், துப்பாக்கியை விற்றவன் நிம்மதியாக இருந்தான். இத்தகைய அச்சம் விளம்பரத்துக்கு எவ்வளவு உதவும் என்பதை வசூற்கணக்கு காட்டிவிட்டது.

தமிழிலும் இதற்கொரு சோடி உண்டு. 2010ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி மணிரத்தினத்தின் 'இராவணன்' வெளியாயிற்று. தமிழ், இந்தி, தெலுங்கு என மும்மொழிகளிலும் ஒரே நாளில் வந்த அப்படத்தின் தெலுங்குப் பெயர் 'வில்லன்' என்பதே. மாதக்கணக்கான முழக்கத்தின்பின் வந்த இந்திப் பதிப்பு தோல்வியுற்றது. தமிழிற் விக்ரமின் நடிப்பாற் தப்பிற்று. கதையின் எலும்புக்கூடு இராமாயணம். வீரையா என்பவன் காவல் அதிகாரியின் மனைவியைக் கடத்துகிறான். ஏன் கடத்தினான் என்பதே பூர்வகதை: தங்கையின் திருமண நாளிலே காவலர் புகுந்து அவளைத் தூக்கிச்சென்று சிதைக்கின்றனர், அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். சூர்ப்பனகையை இவ்வாறு மீட்டுரைத்தது துணிவே. இறுதியில், மனைவியின் கற்பைச் சந்தேகிப்பதாக நடித்து, அவளைப் பின்தொடர்ந்து வில்லனைச் சுடும் அதிகாரி, அக்கினிப் பரீட்சையைக் காவற்றுறையின் உத்தியாக்கிவிடுகிறான். இவ்விடத்திற் படம் நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் காட்டுமக்கள் வீரையாவை ஏன் தம் தலைவனாகக் கொண்டாடுகின்றனர்? அவர்களின் நிலம் எவர் கையிற் போயிற்று? மரம் யாருக்காக வெட்டப்படுகிறது? படம் பேசுவதில்லை, மழை பெய்கிறது, சேறு தெறிக்கிறது, அருவி விழுகிறது. மத்திய இந்தியாவின் காடுகளிற் கனிவளத்தின் பேராற் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டு, அங்கே படைகள் இறக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த நிழல் திரையில் விழுந்தபோதிலும் அதன் உருவம் தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொண்டனர்.

அப்படத்தையொட்டி எழுந்த சர்ச்சை எம்மையும் தொட்டது. முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. 2010 யூன் முதல் வாரத்தில் இந்தியத் திரைப்பட விருது விழாவொன்று கொழும்பிற் கோலாகலமாக நடந்தது. தமிழகத் திரையுலகம் அதனைப் புறக்கணிக்கக் கோரியது. இந்திப் பதிப்பின் நாயகனான அபிஷேக் பச்சனும் குடும்பத்தாரும் விழாவுக்கு வரவில்லை. படத்தின் முதற்காட்சி லண்டனில் நடந்தது. அவ்வாண்டின் இராவணன் இலங்கைக்கு வராத இராவணன். முட்கம்பி முகாம்களில் இன்னும் மக்கள் இருந்த நாட்களில், விழாவுக்கு எந்த நட்சத்திரம் போனார், எவர் போகவில்லை என்பதே செய்தி; முகாமிலிருந்தோர் அச்செய்தியின் பின்னணித் திரை.

இலங்கையில் இராவணனுக்கு நேர்ந்த கதி இன்னும் விசித்திரமானது. 1960களின் நடுப்பகுதியிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றினார். மட்டக்களப்பு வடமோடி ஆட்டத்தை அறிந்த மாணவராக இருந்த சி. மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். களரியிற் கிராமத்தார் விடிய விடிய ஆடிய கூத்து பல்கலைக்கழக மேடைக்கு வந்தது. அந்த இராவணன் குற்றமற்றவனுமல்லன், அரக்கனுமல்லன். தன் ஆணவத்தாலும் தன் நேசத்தாலும் உடைந்த மனிதன். வில்லனின் பூர்வகதையை எப்படிச் சொல்லலாம் என்பதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது. அதற்கு முழக்கமுமில்லை, தடையுமில்லை. அரை நூற்றாண்டின்பின், ஜோக்கர் வெளியான அதே 2019இல், இலங்கையின் முதற் செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது. அதன் பெயர் 'இராவணா 1'. அவ்வாண்டே, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராவணனே முதலில் விமானம் ஓட்டினான் என நிறுவ இந்நாட்டுச் சிவில் விமானத்துறையினர் மாநாடு கூட்டினர். தமிழகத்திற் தடைசெய்யப்பட்ட திராவிட மன்னன், இங்கே சிங்கள அரசின் முன்னோனாகிவிட்டான். அரசாங்கம் தத்தெடுத்தபின் வில்லனிடம் கேள்வி ஏதும் எஞ்சுவதில்லை.

என் மாணவனுக்கு நான் ஒரு திரைப்படத்தையும் விடையாகக் காட்டவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டையைக் காட்டினேன். போர்த்துக்கேயர் கட்டியது, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பன்றித்தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர் இதனை அத்தொடையின் குதியெனப் பெயரிட்டனர். நாம் கடற்கோட்டை என்கிறோம். 1971 ஏப்பிரலிற் கிளர்ந்தெழுந்த தென்னிலங்கை இளைஞரிற் சிலரை அரசாங்கம் இங்கே சிறைவைத்தது. நாட்டின் கண்ணுக்கு அவர்கள் வில்லன்கள். அவர்களுக்கும் ஒரு பூர்வகதை எழுதப்பட்டது, எழுதியவர் திரைக்கதாசிரியரல்லர். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கைதானோருட் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களைத் திரட்டி ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயது, சொந்த ஊர், படித்த பாடசாலை, தொழில் என்ற அட்டவணைகளே அக்கட்டுரையின் உயிர். பெரும்பாலோர் இருபதையொட்டிய வயதினர். கிராமத்துச் சுயமொழிப் பாடசாலைகளிற் கற்றவர்கள். கற்ற கல்விக்கேற்ற தொழில் கிடையாதவர்கள். அங்கே கோமாளி முகமில்லை, தாயின் சாபமில்லை. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு வகுப்பறை தெரிந்தது.

அவன் நெடுநேரம் கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எங்கடை ஆக்களுக்கு அப்படியொரு அட்டவணை இருக்குதோ என்று கேட்டான். படகுத்துறையிற் காற்று எழுந்திருந்தது. போர் முடிந்தபின் கடற்படை அக்கோட்டையை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கிவிட்டது. கைதிகள் இருந்த இடத்தில் விருந்தினர் இரவைக் கழிக்கலாம்.